அடையாற்றைக் கடக்க நான்கு யோசனைகள்: திரு.வி.க. பாலத்தில் எதைக் கேட்பது?

மந்தைவெளி, பட்டினப்பாக்கம் பக்கமிருந்து அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூருக்கு நடந்தோ சைக்கிளிலோ வருகிறவர்களுக்கு, 1973இல் திறக்கப்பட்ட திரு.வி.க. பாலத்தை விட்டால் அருகில் வேறு வழி இல்லை. மேற்கே அடுத்த சாலைப் பாலம் கோட்டூர்புரத்தில்தான் இருக்கிறது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், இரவுப் பணி முடிந்து திரும்பும் காவலாளிகள், கேரியரில் டீ கேன் கட்டிய வியாபாரிகள், பள்ளிப் பிள்ளைகள் எனப் பலருக்கும் இந்தப் பாலம் அன்றாடத் தேவை. இவர்களுக்கு ஒரு பாதுகாப்பான தனிப்பாதை வேண்டும் என்பதை மறுப்பவர்கள் குறைவு. அதைக் கேட்டு நாம் அனுப்பவிருக்கும் மனுவில் எப்படிப்பட்ட பாதையைக் கேட்பது என்னும்போதுதான் பேச்சு பிரிகிறது: இருக்கும் பாலத்தில் ஒரு தடத்தைப் பிரித்துத் தருவதா, பாலத்தின் பக்கவாட்டில் புதிய தளத்தை நீட்டுவதா, பழைய எல்பின்ஸ்டன் பாலத்தைச் சீர்செய்வதா, கழிமுகத்தில் புதிதாக ஒரு பாலம் கட்டுவதா?

கோரிக்கைக்கு அடிப்படை இல்லை என்று எந்த அலுவலகமும் சொல்ல முடியாது. மோட்டார் சாராப் போக்குவரத்துக்கென 2014இலேயே ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்ட மாநகராட்சி சென்னையுடையது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பதற்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று அந்தக் கொள்கை கூறுகிறது. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை உயிர்வாழும் உரிமையைக் காக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே நான்கு யோசனைகளையும் செலவு, காலம், ஆற்றின் நிலை, யாருக்குப் பயன் என்ற நான்கையும் வைத்து எடைபோட்டால் போதும்.

முதலில், தடத்தைப் பிரிப்பது. இப்போது பாலத்தில் நடைபாதை உண்டு. சைக்கிளுக்கென்று இடம் இல்லை. பின்னால் பேருந்தின் ஹார்ன் கேட்டதும் சைக்கிளில் வருகிறவர் ஓரத்துக்கு ஒதுங்குகிறார், ஆனால் எந்தப் பாலத்திலும் ஓரம்தான் மோசமான இடம். தளத்துண்டுகள் சேரும் இணைப்பின் இடைவெளி அங்கேதான் பெயர்ந்து கிடக்கும். மழைநீர் வடிகாலின் கம்பிகள் சக்கரம் போகும் திசையிலேயே நீளவாக்கில் அமைந்திருந்தால் மெல்லிய டயர் அதில் இறங்கிவிடும். ஒதுங்கிய மணலும் அங்கேதான் சேரும். இவற்றைத் தவிர்க்க அவர் ஓர் அடி வலப்பக்கம் விலகும் நொடியில்தான் விபத்து நேர்கிறது. வழக்கமான நகரச் சாலைத் தடம் ஒன்றின் அகலம் ஏறத்தாழ 3.5 மீட்டர். அதில் அரை மீட்டரைத் தடுப்புக்கு விட்டாலும், எதிரெதிரே இரண்டு சைக்கிள்கள் விலகிச் செல்ல 3 மீட்டர் மிஞ்சுகிறது. இருக்கும் நடைபாதையும் நடப்பவர்களுக்கே முழுதாகக் கிடைத்துவிடும். லாரியையும் பேருந்தையும் தாங்கக் கட்டிய தளத்தில் சைக்கிள் ஓடுவதால் பாலத்துக்குப் புதிய பளு எதுவும் ஏறுவதில்லை.

இந்த யோசனைக்கு எதிராகச் சொல்லப்படுவது நெரிசல். அதை ஒதுக்கித் தள்ளக் கூடாது, ஏனென்றால் அந்த நெரிசலில் மாநகரப் பேருந்துகளும் நிற்கும், பேருந்தில் இருப்பவர்களும் காரில்லாதவர்களே. ஆனால் பாலத்தில் குறுக்குத்தெரு இல்லை, வீட்டு வாசல் இல்லை, கடை இல்லை, வண்டி நிறுத்த இடமும் இல்லை. அதன் மேல் எத்தனை வாகனம் கடக்க முடியும் என்பதைப் பெரும்பாலும் இரு முனைகளிலும் உள்ள சந்திப்புகளே தீர்மானிக்கின்றன. சந்திப்பில் பச்சை விளக்கு விடும் அளவுக்கு மேல் வரும் வாகனங்கள், தடம் எத்தனை இருந்தாலும் பாலத்தின் மேல் வரிசையில்தான் காத்திருக்கும். கனடாவின் வான்கூவரில் பரார்ட் பாலத்தில் இதே வாதம் பல ஆண்டுகள் நடந்தது. 1996இல் தொடங்கிய தடப்பிரிப்புச் சோதனை ஒரு வாரத்திலேயே கைவிடப்பட்டது. பிறகு பாலத்தையே அகலப்படுத்தலாம் என்ற பேச்சில் காலம் கழிந்தது. 2009 ஜூலையில் மீண்டும் ஒரு தடத்தை எடுத்துச் சோதித்தபோது அஞ்சிய குழப்பம் வரவில்லை, சைக்கிள் தடம் நிலைத்துவிட்டது. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்திலும் 2021இல் ஒரு கார் தடம் சைக்கிளுக்கு மாறியது. அவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகச் சென்னையின் முக்கியச் சாலைகளில் ஆண்டுக்கணக்கில் தடங்கள் தடுப்புக்குள் போயின. நகரம் முணுமுணுத்தபடியே அதற்குப் பழகிக்கொண்டது. மெட்ரோவுக்காகப் பொறுத்துக்கொண்ட குறுக்கத்தை நடப்பவருக்காகப் பொறுத்துக்கொள்ள முடியாது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது, பக்கவாட்டு நீட்டிப்பு. ஒரு தடத்தையும் இழக்காமல் எல்லோரையும் மகிழ்விக்கும் வழியாக இது தோன்றும். கணக்குதான் கடினம். கூட்டம் சேரக்கூடிய நகர்ப்புற நடைதளத்துக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ வரை பளு கணக்கிட வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் விதி. 3 மீட்டர் அகலத் தளம் என்றால் நீளத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒன்றரை டன். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த பாலத்தின் ஓரத்தில் இதைத் தொங்கவிடுவதற்கு முன் தூண், அடித்தளம், தளம் அனைத்தையும் ஆராய வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகப் பாலத்தில் இத்தகைய திட்டம் தூண்கள் தாங்குமா என்ற கேள்வியில்தான் முறிந்தது. ஆய்வு கேட்பதில் தவறில்லை. ஆய்வு முடியும்வரை காத்திருக்கச் சம்மதிப்பதுதான் தவறு.

மூன்றாவதான எல்பின்ஸ்டன் பாலத்தின் மீது எனக்கும் ஆசை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டு, திரு.வி.க. பாலம் வந்தபின் வேலையிழந்து அருகிலேயே நிற்கும் அந்த வளைவுகளின் மேல், மோட்டார் சத்தம் இல்லாமல் கடல் காற்றில் நடப்பதை யார்தான் விரும்ப மாட்டார்கள்? அடையாற்றில் நடப்பவர்களுக்காகப் பாலம் எழுவது புதிய செய்தியும் அன்று: இன்றைய சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம் இருக்குமிடத்தில் 1726இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் தன் செலவில் கட்டிய பாலம், பரங்கிமலைக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்களை மனத்தில் வைத்தே எழுந்தது. என்றாலும் பழைய கட்டுமானத்தைச் சீர்செய்வதற்கு மரபுச் சின்ன வல்லுநர்களும் வெள்ள ஓட்டக் கணக்கும் வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்ட ஆறு இது. தண்ணீருக்குள் நெருக்கமாக நிற்கும் பழைய தூண்களைப் பற்றி நீர்வளத் துறை கேள்வி எழுப்பினால் அது நியாயமான கேள்வியே. இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. அகமதாபாத்தில் 2022இல் திறக்கப்பட்ட அடல் பாலம் நடப்பவர்களுக்கென்றே கட்டப்பட்டது. அதில் ஏற நுழைவுக் கட்டணம் உண்டு. அப்படி ஆகிவிட்டால் அது மாலையில் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களின் இடம். காலை ஐந்தரை மணிக்கு டீ கேனோடு வருகிறவருடைய வழியாக அது இருக்காது.

நான்காவது, கழிமுகப் பாலம். சீனிவாசபுரத்துக்கும் பெசன்ட் நகர் கரைக்கும் இடையே மீனவர்கள் நடந்து கடப்பதற்காக 1967இல் கட்டப்பட்டு, பத்தே ஆண்டுகளில் நீரோட்டத்தில் உடைந்த பாலம் இன்றும் ‘உடைந்த பாலம்’ என்ற பெயரோடே நிற்கிறது. அதே அகலத்தில், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் என்று அது மீண்டும் எழுந்தால் பட்டினப்பாக்கத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் இடையே உள்ள பெரும் சுற்று குறையும். அந்த ‘மட்டும்’ நிலைக்குமா என்பதில்தான் சிக்கல். அங்கே பாலம் என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் கடற்கரையோரச் சாலையும் கூடவே வந்திருக்கிறது. மீன்பிடி இடங்களும் பங்குனி ஆமைகள் முட்டையிடும் மணலும் அந்தச் சாலையின் வழியில் இருக்கின்றன. கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியும் எளிதன்று. குப்பங்களின் ஒப்புதல் இல்லாமல் வெளியாட்களாகிய நாம் இதைக் கேட்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எனவே மனுவில் முதல் கோரிக்கையாகத் தடப்பிரிப்புச் சோதனையையே வைக்க வேண்டும் என்கிறேன். மிகப் பெரிய யோசனையை முன்வைப்பது கோரிக்கையைப் பெரிதாக்கும் என்று எண்ணுவோர், ஆக்லாந்தில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். 2021 மே மாத இறுதியில் ஒரு தடத்தைக் கேட்டு மக்கள் அந்தப் பாலத்தின் மேலேயே ஏறினார்கள். அடுத்த மாதமே அரசு 78.5 கோடி நியூசிலாந்து டாலரில் தனிப் பாலம் கட்டுவதாக அறிவித்தது; அக்டோபரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. தடமும் கிடைக்கவில்லை, பாலமும் கிடைக்கவில்லை.

சோதனை ஆறு மாதங்களாவது நடக்க வேண்டும்; பள்ளி திறந்திருக்கும் நாள்களும் வடகிழக்குப் பருவமழையும் அதில் அடங்க வேண்டும், கோடை விடுமுறையில் நடத்தினால் அதன் முடிவை யாரும் நம்பமாட்டார்கள். தடம் கிழக்குப் பக்கம் அமைவது நல்லது, பெசன்ட் அவென்யூவுக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் போகிறவர்கள் பாலத்தின் முனையில் முதன்மைச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிராது. சக்கர நாற்காலி நுழையும் இடைவெளியில் மோட்டார் சைக்கிளும் நுழைந்துவிடும் என்பதால், மோட்டார் வண்டிகளைத் தடுக்க நுழைவாயிலில் கம்பம் நட்டதோடு வேலை முடிந்ததாகக் கொள்ள முடியாது. நுழைவாயில்கள் இரண்டே என்பதால், காலையும் மாலையும் அந்த இரண்டில் போக்குவரத்துக் காவலர் நிற்பது இயலாத காரியமன்று. துர்காபாய் தேஷ்முக் சாலை முனையிலும் தென்முனையிலும் இடப்பக்கம் நிற்காமல் திரும்பும் வாகனங்களுக்கும் சிவப்பு விளக்கு வேண்டும். ஆற்றுக்கு அடியில் செல்லும் மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம் இயங்கத் தொடங்கினால் கிரீன்வேஸ் சாலை, அடையாறு நிலையங்களுக்கு நடந்து வருகிறவர்கள் பெருகுவார்கள் என்பதையும் மனுவில் குறிப்பிடலாம்.

மனுவை அனுப்புவதற்கு முன், பாலமும் அதன் இரு அணுகுசாலைகளும் எந்தெந்தத் துறையின் பொறுப்பில் உள்ளன, கடைசியாக எப்போது உறுதித்தன்மை ஆய்வு நடந்தது என்ற இரண்டு கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுவிட வேண்டும். பதில் வந்ததும் மனுவின் படிகள் உரிய துறைக்கும், ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கும், ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள வார்டுகளின் பகுதி சபைகளுக்கும் ஒரே நாளில் போய்ச் சேரட்டும்.