கெஸ்ட் வைஃபைக்கு மைக்ரோடிக் ஹேப் லைட்: வாங்கலாம், ஆனா உக்காந்து செட் பண்ணணும்

குமுளியில மாமா நடத்துற லாட்ஜுக்கு வாங்குன குட்டி வைஃபை ரவுட்டர் இது. சபரிமலை சீசன் வந்துட்டா ரூம் எடுக்குற சாமிங்க எல்லாரும் சாவிக்கு முன்னாடி வைஃபை பாஸ்வேர்டுதான் கேக்குறாங்க, பில்லிங் கம்ப்யூட்டரும் கேமரா ரெக்கார்ட் ஆகுற டிவிஆரும் இருக்குற அதே நெட்டுல அவங்கள விட முடியுமா? இன்னொரு ரவுட்டர் வாங்காம ஒரே டப்பாவுல விர்ச்சுவல் ஏபி, அதாவது கெஸ்ட்டுக்குன்னு ரெண்டாவது வைஃபை, போட்டுக்கலாம்னுதான் இத எடுத்தோம்.

கைக்குள்ள அடங்குற சைஸு. மைக்ரோ யூஎஸ்பில ஓடுது, கரண்டு போனா பவர் பேங்க சொருகிக்கலாம், மழைக்காலத்து குமுளி தெரிஞ்சவங்களுக்கு இதோட அருமை புரியும்.

மைக்ரோடிக்க செட் பண்ற வின்பாக்ஸ் சாஃப்ட்வேர்ல ரவுட்டர் அட்ரஸ் 192.168.88.1 போட்டு உள்ள போயி, வயர்லெஸ்ல ப்ளஸ் அமுக்கி விர்ச்சுவல எடுத்து, மாஸ்டர் இன்டர்ஃபேஸா ஏற்கனவே இருக்குற வைஃபைய காட்டி, புது எஸ்எஸ்ஐடியும் (வைஃபை பேரு) தனி செக்யூரிட்டி ப்ரொஃபைலும் (பாஸ்வேர்டு செட்டிங்) குடுத்தா பேரு போன்ல வந்துரும். சேனல் மட்டும் தனியா வைக்க முடியாது, ரேடியோ ஒண்ணுதான, ஒரே மோட்டார்ல ரெண்டு குழாய் மாதிரி ஸ்பீடும் பங்குதான்.

நிறைய பேரு யூடியூப் பாத்து இதோட நிறுத்திடுறாங்க. இந்த புது இன்டர்ஃபேஸ பழைய பிரிட்ஜ்லயே, அதாவது லாட்ஜோட போர்ட்டும் வைஃபையும் ஒண்ணா சேந்திருக்குற கட்டுலயே, சேத்தா பேருதான் ரெண்டு, நெட்டு ஒண்ணுதான். வெளிய தனியா விட்டு 192.168.50.1/24னு அட்ரஸ் குடுத்து போனுக்கு ஐபி தானா குடுக்குற டிஎச்சிபி செட்டப் ஓட்டணும். அப்பவும் போனுக்கு ஐபி கிடைக்கும், சைட்டு ஒண்ணும் திறக்காது. ஏன்னா கூடவே வர்ற ஃபயர்வால், லேன் லிஸ்ட்ல (உள் நெட்டுன்னு ரவுட்டர் நம்புற பட்டியல்) இல்லாத இன்டர்ஃபேஸ்ல இருந்து ரவுட்டருக்கு வர்றத எல்லாம் தள்ளிவிட்டுரும், சைட்டு பேர ஐபியா மாத்தித் தரச் சொல்லி போன் கேக்குற டிஎன்எஸ் கேள்வியும் அதுல போயிரும். அதுக்காக லேன் லிஸ்ட்ல சேத்துராதீங்க, ரவுட்டர் லாகின் பக்கமும் கெஸ்ட்டுக்கு திறந்துக்கும். டிஎச்சிபி நெட்வொர்க்ல டிஎன்எஸ்ஸுக்கு கூகுளோட 8.8.8.8 போட்டுட்டா வேலை முடிஞ்சுது.

இன்னொண்ணு, கெஸ்ட்ல இருந்து பிரிட்ஜுக்கு போறத அந்த ஃபயர்வால் தானா தடுக்காது, ரவுட்டர் வழியா கடந்து போறத பாக்குற ஃபார்வர்ட் பகுதில, தடுக்குற ட்ராப் ரூல் ஒண்ணு நாமளே எழுதணும், இல்லாட்டி டிவிஆர் அங்க இருந்தும் தெரியும். கெஸ்ட்டுங்க ஒருத்தர் போன ஒருத்தர் எட்டிப்பாக்காம இருக்க விர்ச்சுவல் ஏபில டீஃபால்ட் ஃபார்வர்ட் டிக்க எடுத்துருங்க. ஸ்பீட கட்டுப்படுத்த சிம்பிள் க்யூ இருக்கு, ஆனா ட்ராஃபிக்க குறுக்கு வழில விடுற ஃபாஸ்ட்ட்ராக் ரூல் ஆன்ல இருந்தா அது க்யூவ கண்டுக்காம போகும், அத முதல்ல டிசேபிள் பண்ணணும். எதத் தொட்டாலும் சேஃப் மோட் போட்டுட்டு தொடுங்க, கனெக்‌ஷன் அறுந்தா மாத்துனத அதுவே திருப்பி வச்சிக்கும்.

இந்த விலைக்கு இவ்வளவு கட்டுப்பாடு பெரிய விஷயம். ஆனா நெட்டு பத்தி ஒண்ணும் தெரியாத ஆளுக்கு வாங்கிக் குடுத்துட்டு வந்துராதீங்க, போன் அடிச்சே கொன்னுருவாங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், போர்ட்டும் 100 எம்பிபிஎஸ்தான். 5 கிகாஹெர்ட்ஸ் வேணும்னா ஹேப் ஏசி லைட் பாருங்க, அதுலயும் போர்ட்டு அதே 100தான்.