பழைய காரின் கூலிங் சிஸ்டம்: நாமே கை வைப்பதா, மெக்கானிக்கிடம் விடுவதா?

ஹோஸ், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறியதும் திறந்து, குளிர்விக்கும் திரவத்தை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), ரேடியேட்டர் மூடி, இந்த மூன்றுக்கும் ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நூலில் கட்டி, அடுப்பில் சூடாகும் தண்ணீரில் தொங்கவிடுங்கள். பெரும்பாலும் 82 முதல் 90 டிகிரிக்குள் வால்வு மெல்ல வாய் திறக்கத் தொடங்கும். கொதித்தும் திறக்கவில்லையா, ஆள் அகப்பட்டான். சந்தேகத்தின் பேரில் ரேடியேட்டரையே மாற்றச் சொல்லும் மெக்கானிக்கைவிட அந்தப் பாத்திரம் நேர்மையானது!

நாம் சறுக்கும் இடம் வேறு. கூலன்ட் எனும் அந்தக் குளிர்விக்கும் திரவத்தை ஊற்றியபின் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாவிட்டால், புதுப் பாகம் போட்டும் வெப்பநிலை காட்டும் முள் சிவப்புக்கு ஏறும். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இப்படித்தான் போனது. இன்ஜின் சூடாக இருக்கையில் மூடியைத் தொடவே கூடாது. வடித்த கூலன்ட்டையும் திறந்து வைக்காதீர்கள். இனிக்கும் விஷம், நாய் நக்கிவிடும்.

கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட்டில் (வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பல் பெல்ட்) ஓடுகிறதென்றால் மெக்கானிக்தான். பெல்ட் சில பற்கள் தவறினால், பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) மேல் சந்தேகம். ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுங்கள்.