படகா, பட்டமா: கடல் வேலைக்கு எதை முதலில் பிடிப்பது?

பினாங்கில் எஸ்.டி.பி.எம். (மலேசிய மேல்நிலைப் பள்ளித் தேர்வு) முடித்துவிட்டு, யாட்டில் (உல்லாசப் படகில்) வேலையும் வேண்டும், கடல் ஆய்வும் பாதுகாப்பும் வேண்டும் என்று நிற்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. சான்றிதழ் எடுத்து நேராக டெக்கில் (படகின் மேல்தள வேலையில்) ஏறுவது ஒன்று. கடல் அறிவியல் பட்டம் வாங்கிக்கொண்டு படகுக்கு வருவது மற்றொன்று. இரண்டிலும் கால் இடறுகிற இடம் வேறு.

எந்த வழியானாலும் முதல் செலவு கண்ணுக்குத்தான். பெரிய யாட்டுகள் பல கேட்பது இஎன்ஜி1 என்ற பிரிட்டிஷ் கடற்பணி மருத்துவச் சான்று. அதில் நிறப் பார்வைச் சோதனையும் உண்டு. சிவப்பு, பச்சை விளக்குகளைப் பிரித்தறிய முடியாதவரை இரவுக் காவலில் நிறுத்த மாட்டார்கள். டெக் அதிகாரி ஆகும் கதவும் மூடிவிடும். பயிற்சிக்குப் பணம் கட்டிய பிறகு இது தெரியவந்தால் பணம் போனது போனதுதான்.

டெக் வழி வேகமானது. எஸ்டிசிடபிள்யூ (கடற்பணியாளர் பயிற்சிக்கான உலக விதிமுறை) அடிப்படைப் பயிற்சியில் கடலில் உயிர்பிழைத்தல், தீயணைப்பு, முதலுதவி, பணிப் பாதுகாப்பு என நான்கு பகுதிகள். சுமார் ஒரு வாரத்தில் முடியும். முதல் இரண்டையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மலாக்காவில் உள்ள ‘அலாம்’ கடல்சார் பயிற்சிக் கழகம் போன்ற இடங்களில் எடுக்கலாம். ஆனால் போகப்போகிற படகின் கொடி நாடு (படகு பதிவான நாடு) அந்தச் சான்றிதழை ஏற்குமா என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சம்பளம் சீக்கிரம் வரும், அறிவியல் வராது. டெக்ஹேண்டின் (டெக் தொழிலாளியின்) பொழுது கழுவுவதிலும் துடைப்பதிலும் டெண்டர் என்ற சிறு துணைப் படகை ஓட்டுவதிலும் கழிந்துவிடும். முதலாளி சரி என்றால்தான் ஆய்வு வலை தண்ணீரில் இறங்கும்.

பட்ட வழிக்கு வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் தெலுக் பஹாங்கைத் தாண்டி, தேசியப் பூங்காவுக்குள் மூக்கா ஹெட் பக்கம் உள்ளது. கடல் உயிரியலையே முதன்மைப் பாடமாகப் படிக்க நினைப்பவர்கள் திரங்கானு பல்கலைக்கழகத்தைப் பார்ப்பார்கள். அங்கே ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவக்காற்று களப்பணியை முடக்கிவிடும். இந்த வழியில் குறைவது கடல் நாள் கணக்கு. 3,000 டன்னுக்குட்பட்ட யாட்டில் காவல் அதிகாரி (முறைப்படி படகோட்டப் பொறுப்பேற்கும் டெக் அதிகாரி) ஆக, பிரிட்டிஷ் முறையில் 36 மாதப் படகுப் பணியும் அதற்குள் 365 நாள் கடற்பணியும் கேட்கிறார்கள். படகு 15 மீட்டருக்குக் குறையக் கூடாது, பணி டெக்கில் இருக்க வேண்டும். ஆய்வுக் கப்பலில் மாதக்கணக்கில் மாதிரி எடுத்திருந்தாலும் விஞ்ஞானியாக ஏறிய நாள் இதில் சேராது. இதைத்தான் பலரும் கடைசியில் தெரிந்துகொள்கிறார்கள்.

பிரிட்டிஷ் படகோட்டச் சங்கமான ஆர்ஒய்ஏ தரும் யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் என்ற படகுத் தலைவர் சான்றிதழ் இவ்வளவு கறார் இல்லை: 50 நாள், 2,500 கடல் மைல், 60 மைலுக்கு மேற்பட்ட 5 பயணங்கள். அந்த ஐந்தில் இரண்டு இரவுப் பயணம், இரண்டு தலைமை ஏற்று ஓட்டியவை. நவம்பரில் போர்ட் கிள்ளானிலிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி போகும் ராஜா மூடா பாய்மரப் படகுப் பந்தயம் முடிந்ததும் படகுகளைத் திருப்பிக் கொண்டுபோக ஆள் தேடுவார்கள். மாணவர்கள் மைல் சேர்க்க நல்ல தருணம். தேதி, தூரம், படகுத் தலைவரின் கையெழுத்து மூன்றையும் அன்றே பதிவுப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள்.

தரவின் தரத்தில்தான் பட்டம் தன் வேலையைக் காட்டும். ஒலியால் ஆழம் அளக்கும் ஆழமானியில் லாகர் (பதிவுக் கருவி) பொருத்திக் கடலடி வரைபடத்துக்கு எண் அனுப்புவது டெக் ஆளுக்கும் சுலபம். ஆனால் காட்டும் ஆழம் நீர்மட்டத்திலிருந்தா, கீலுக்கு (படகின் அடிமுதுகுக்கு) அடியிலிருந்தா என்று குறிக்காவிட்டால் ஒன்றிரண்டு மீட்டர் பிசகும். பல கருவிகள் ஒலி வேகத்தை விநாடிக்கு 1,500 மீட்டர் என்று வைத்திருக்கும். நம் சூடான மலாக்கா நீரிணையில் அது 1,540ஐ ஒட்டி இருக்கும். 40 மீட்டர் ஆழம் 39 என்று தெரியும்.

நுண்பிளாஸ்டிக் வலையும் அப்படித்தான். 0.33 மில்லிமீட்டர் கண்ணுள்ள, நீரின் மேற்பரப்பை அரிக்கும் மான்டா வலையைப் படகின் பின்னால் நேராக இழுத்தால் புரொப்பல்லர் கலக்கிய நீர்தான் உள்ளே போகும். பக்கவாட்டில் கழி நீட்டி, 2 முதல் 3 நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்தில் இழுக்க வேண்டும். ஜெல்லிமீன் அடைத்துக்கொண்டால் வலைக்குள் போகும் நீரை அளக்கும் நீரோட்ட மீட்டர் குறைவாகச் சுற்றும். இழுத்த தூரத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டவரின் எண் தவறாகிவிடும். படகின் பெயின்ட் துகளும் நைலான் கயிற்று இழையும் மாதிரியில் கலக்கும். அதனால் அவற்றின் துணுக்குகளையும் தனியாக எடுத்து வைத்து ஒப்பிட வேண்டும். பூலாவ் பாயார் போன்ற கடல் பூங்காவில் அனுமதியில்லாமல் வலையே இறக்கக் கூடாது. பவளத்தின் மேல் நங்கூரமும் போடக் கூடாது.

வயது இருபதுக்குள், குடும்பம் இன்னும் மூன்று நான்கு ஆண்டு தாங்கும் என்றால் பட்டம் முதலில், விடுமுறைகளில் மைல். எஸ்டிசிடபிள்யூ சான்றிதழைக் கடைசி ஆண்டில் எடுத்தால் போதும்; முன்னதாக எடுத்தால் அதன் 5 ஆண்டில் பாதி வகுப்பறையிலேயே தீர்ந்துவிடும். வீட்டுக்கு உடனே பணம் வேண்டுமென்றால் டெக். அவர்கள் முக்குளிப்புச் சான்றிதழோடு பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் ரீஃப் செக் மலேசியாவின் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம், பட்டம் தேவையில்லை. கடலடியில் விரித்த 100 மீட்டர் நாடாவில் 20 மீட்டர் வீதம் நான்கு துண்டுகள், ஒவ்வொரு அரை மீட்டரிலும் அடியில் இருப்பது என்ன என்ற குறிப்பு. விடுப்பில் வரும்போது செய்யக்கூடிய வேலைதான்.