டெக்சாஸ் பப்ளிக் ஸ்கூலோடு 11 வருடம்: ஒரு அம்மாவின் அனுபவம்

2014 ஆகஸ்டில் மகளைக் கிண்டர்கார்டனில் சேர்த்தோம். இப்போது அவள் 11-ஆம் வகுப்பு, தம்பி 7-ஆம் வகுப்பு. இரண்டு பேருக்கும் ஒரே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்தான். டெக்சாஸுக்கு மாற்றலாகி வருகிற நம் ஆட்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "அக்கா, உங்க டிஸ்ட்ரிக்ட் நல்லா இருக்கா?" ஒரு வரியில் பதில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், அது உண்மையாக இல்லை, அதனால் இங்கே உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன். டிஸ்ட்ரிக்ட்டின் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி மாநிலம் முழுக்க உள்ளவை.

நாங்கள் வீடு வாங்கியது ரேட்டிங் பார்த்துத்தான். வீடு விற்கும் தளத்தில் பள்ளியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை வட்டத்துக்குள் 9 என்று இருந்தது, அது போதும் என்று கையெழுத்துப் போட்டோம். அந்த 9 எங்கிருந்து வந்தது, யார் போட்டது என்று கேட்கத் தோன்றவே இல்லை.

சேர்க்கை நாளில் முகவரிக்கு ஒரு கரண்ட் பில், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, இவ்வளவுதான் கேட்டார்கள். விசா பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்கவும் கூடாது என்பது பின்னால்தான் தெரிந்தது. குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளைக்கும் பள்ளியில் இடம் மறுக்க முடியாது என்று 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அந்த வழக்கு போனதும் இதே டெக்சாஸிலிருந்துதான்.

இங்கே டிஸ்ட்ரிக்ட் என்றால் நம்மூர் கல்வி மாவட்டம் மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். நம்மூரில் இயக்குநர், முதன்மைக் கல்வி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர் என்று உத்தரவு மேலிருந்து இறங்கி வரும். டெக்சாஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிஸ்ட்ரிக்ட்கள், ஏறக்குறைய ஒவ்வொன்றும் தனி அரசாங்கம் மாதிரி. நகராட்சிக்குக்கூடக் கட்டுப்பட்டதில்லை. சொந்தமாக வரி போடும், கடன் வாங்கும், பள்ளிக்கு எல்லை வகுக்கும். பெரும்பாலும் ஏழு டிரஸ்டிகள், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள், சம்பளம் கிடையாது. இவர்கள் சேர்ந்ததுதான் போர்டு. டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை அதிகாரியான சூப்பரிண்டெண்டெண்டை நியமிப்பதும் அவர்கள்தான். கடையில் எனக்கு முன்னால் வரிசையில் நிற்கிற ஒருவர்தான் என் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறார் என்பது எனக்கு உறைக்க ஐந்து வருடம் ஆனது.

பணம் எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் மற்றதெல்லாம் விளங்கியது. நம் பிராபர்ட்டி டாக்ஸில் பள்ளிக்குப் போவதே பெரிய பங்கு, அதில் இரண்டு பை உண்டு. ஒன்று அன்றாடச் செலவுக்கும் சம்பளத்துக்கும், இன்னொன்று பாண்ட் கடனை அடைப்பதற்கு. பாண்ட் பணத்தில் கட்டடம் கட்டலாம், பஸ் வாங்கலாம், டீச்சருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. "ஸ்டேடியம் கட்டக் காசு இருக்கிறது, டீச்சருக்கு இல்லையா?" என்று நானும் ஒரு காலத்தில் கோபமாகக் கேட்டிருக்கிறேன். பை வேறு என்று தெரிந்த பிறகு அந்தக் கோபம் போய்விட்டது, வேறு கோபம் வந்தது. மாநிலம் ஒரு மாணவருக்கு என்று கணக்கிடும் அடிப்படைத் தொகை 2019-இல் 6,160 டாலர். 2025 வரை அதை ஒரு டாலர்கூட ஏற்றவில்லை. இடையில் முட்டை விலை, டீசல் விலை, இன்சூரன்ஸ் எல்லாம் எங்கே போனது என்று நமக்கே தெரியும். 2025-இல் சட்டமன்றம் ஆசிரியர் சம்பளத்துக்குத் தனியாகப் பணம் ஒதுக்கியது நல்ல விஷயம், ஆனால் அந்த அடிப்படைத் தொகையில் ஏறியது 55 டாலர்தான். இதற்கு நடுவே கொரோனாவுக்காக வந்த மத்திய அரசுப் பணமும் 2024 செப்டம்பரோடு முடிந்தது. எங்கள் பள்ளியில் வாசிப்புக்கு உதவ இருந்த இரண்டு பேரில் ஒருவர் அடுத்த வருடம் இல்லை.

இன்னொன்று, நம் ஆட்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. டெக்சாஸில் பணம் வருவது எத்தனை பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்து அல்ல, சராசரியாக ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை வைத்து. எங்கள் பள்ளியில் காலை 10 மணிக்கு எடுக்கிற வருகைதான் கணக்கு. பல் டாக்டரிடம் போனால்கூட அன்றைக்கே பிள்ளையைத் திரும்பக் கொண்டுவிட்டு டாக்டர் சீட்டைக் கொடுத்தால் வந்ததாக எடுத்துக்கொள்வார்கள். டிசம்பரில் டிக்கெட் மலிவு என்று பத்து நாள் முன்னாலேயே ஊருக்குக் கிளம்பி, பொங்கல் முடித்துத் திரும்புகிறோமே, அந்த நாட்களுக்கான பணம் நம் பள்ளிக்கு வராது. அதோடு வகுப்பு நடக்கும் நாட்களில் 90 சதவீதம் வராவிட்டால், அந்த வகுப்பை முடித்ததாகக் கணக்கு வைக்கும் கிரெடிட்டுக்கே சிக்கல். நான் இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறேன். பாட்டி தாத்தாவைப் பார்க்கப் போவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், ஆனால் இப்போது நாங்கள் ஜூனில் போகிறோம்.

சரி, இனி என் மகன் கதை. இந்த டிஸ்ட்ரிக்ட் மேல் எனக்கு இருக்கும் நன்றிக்கும் வருத்தத்துக்கும் அவன்தான் காரணம்.

2019-இல் அவன் முதல் வகுப்பு. எழுத்துகள் பிடிபடவில்லை, சில ஒலிகள் வாயில் வரவில்லை. கேட்டபோது, வீட்டில் தமிழ் பேசுவதால்தான் தாமதம், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். அதை நம்பி இரண்டு மாதம் அவனோடு தமிழில் பேசுவதை நிறுத்தினேன். ராத்திரி கதை சொல்வதுகூட ஆங்கிலத்தில். அவன் என் முகத்தைப் பார்ப்பான், கதை பிடிக்காமல் திரும்பிப் படுத்துக்கொள்வான். நான் செய்த தப்புகளில் இதை முதலில் வைப்பேன். தமிழ்ப் பள்ளியில் பார்த்த ஒரு அம்மாதான் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வாயால கேக்காதீங்க, எழுதிக் கொடுங்க." வாயால் கேட்டால் அது பேச்சு. மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேட்டால் 15 பள்ளி நாளுக்குள் டிஸ்ட்ரிக்ட் பதில் சொல்லியாக வேண்டும், நாம் சம்மதக் கையெழுத்துப் போட்ட பிறகு 45 பள்ளி நாளுக்குள் மதிப்பீட்டு அறிக்கை தயாராக வேண்டும், அதற்கப்புறம் 30 நாளில் ஏ.ஆர்.டி. கூட்டம். பிள்ளைக்கு என்ன சிறப்புக் கல்வி உதவி என்று பெற்றோரும் பள்ளியும் சேர்ந்து முடிவு செய்யும் கூட்டம் அது, மற்ற மாநிலங்களில் ஐ.இ.பி. மீட்டிங் என்பதைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். நான்கே வரியில் ஒரு மின்னஞ்சல் போட்டேன். அதுவரை "பார்க்கலாம்" என்றே சொல்லிவந்தவர்கள் ஒரு வாரத்தில் கூப்பிட்டார்கள்.

இருந்தாலும் அறிக்கை கெடுவைத் தாண்டி மூன்று வாரம் தாமதமாகத்தான் வந்தது. மதிப்பீடு செய்தவர் ஒருவரே பல பள்ளிகளுக்கு ஓடிக்கொண்டிருந்தார், அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 2004-இலிருந்து சிறப்புக் கல்வி பெறும் மாணவர்கள் 8.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிற மாதிரி ஓர் இலக்கை மாநிலக் கல்வித் துறை வைத்திருந்தது. 2016-இல் ஒரு ஹூஸ்டன் நாளிதழ் அதை வெளிக்கொண்டு வந்தது, 2017-இல் அப்படி உச்சவரம்பு வைப்பதைச் சட்டமன்றம் தடை செய்தது. அதுவரை தள்ளிவிடப்பட்ட பிள்ளைகளும் புதிதாக வருகிற பிள்ளைகளும் சேர்ந்து ஒரே நேரத்தில் வரிசையில் நின்றார்கள். என் மகன் அந்த வரிசையில் ஒருவன்.

டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளைப் படிப்பதில் வரும் கற்றல் சிரமம், கூடவே பேச்சுப் பயிற்சி தேவை என்று அறிக்கை வந்தது. இரண்டு மொழி பேசுவது இதற்குக் காரணமில்லை என்றும் அதிலேயே எழுதியிருந்தது. அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. 2020 மார்ச் முதல் வாரம் ஏ.ஆர்.டி. முடிந்தது, அடுத்த வாரமே பள்ளிகளை மூடிவிட்டார்கள். திரையில் நடந்த பயிற்சியால் பலனில்லை. ஆகஸ்டில் பயந்துகொண்டேதான் நேரில் அனுப்பினோம்.

அவனுக்குக் கிடைத்த டிஸ்லெக்சியா டீச்சர் மாதிரி ஒருவரை நான் பார்த்ததில்லை. சொரசொரப்பான அட்டையில் அவன் விரலை வைத்து எழுத்தை இழுக்க வைப்பார், இழுக்கும்போதே அதன் ஒலியைச் சொல்ல வேண்டும். சின்னச் சின்ன எழுத்து வில்லைகளை நகர்த்தி ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்றுவார்கள். வாரத்தில் நான்கு நாள், இரண்டரை வருடம். ஒருநாள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த மதிய உணவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு அக்காவிடம், "பீட்சா வியாழன் இல்ல, வெள்ளிதான், இங்க பார்" என்றான். யாரும் படிக்கச் சொல்லாமல் அவனாகப் படித்தது அன்றைக்குத்தான். அந்த உதவியைத் தனியாரிடம் எங்களால் காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது.

ரேட்டிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாநிலம் 2018 முதல் டிஸ்ட்ரிக்ட்களுக்கு ஏ முதல் எஃப் வரை மதிப்பெண் போடுகிறது. கொரோனாவில் இரண்டு வருடம் போடவில்லை. 2023-க்கான மதிப்பெண் டிஸ்ட்ரிக்ட்கள் போட்ட வழக்கால் 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தது. அந்த வழக்கு எதற்கு என்றால், ஹைஸ்கூல் முடிப்பவர்களில் கல்லூரிக்கோ வேலைக்கோ ராணுவத்துக்கோ தயாரானவர்கள் 60 சதவீதம் இருந்தால் ஏ என்று இருந்ததை 88 ஆக்கினார்கள். அதே பள்ளி, அதே டீச்சர்கள், எழுத்து மட்டும் இறங்கியது. ரேட்டிங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை, உள்ளே போய்ப் பாருங்கள். என் மகனுக்குக் கிடைத்த அந்த இரண்டரை வருடம் எந்த வட்டத்திலும் எந்த எழுத்திலும் இல்லை.

மகளின் பிரச்சினை நேர் எதிர். டெக்சாஸில் வகுப்பில் முதல் 10 சதவீதத்தில் வந்தால் அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடியாக இடம் என்று 1997-இல் சட்டம் வந்தது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் இது குறைந்து 2026-இல் சேருகிறவர்களுக்கு 5 சதவீதம். "நல்ல டிஸ்ட்ரிக்ட்" என்று எல்லாரும் தேடி வந்து சேர்ந்த பள்ளியில் 700 பேர் படிக்கும் வகுப்பில் அது 35 இடம். இந்த ராங்க் கணக்கில் ஏ.பி. எனப்படும் கல்லூரித் தர வகுப்புகளுக்குக் கூடுதல் புள்ளி, சாதாரண வகுப்புக்குக் குறைவு. பத்தாம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் தாளில் ஆர்கெஸ்ட்ராவுக்கு நேரே பென்சிலால் டிக் போட்டு, அப்புறம் அழித்திருந்தாள் மகள். தாளில் அழித்த தடம் இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து வயலின் வாசித்த பிள்ளை. "எல்லாரும் விடுறாங்கம்மா" என்றாள். கலைப் பாடங்களை ராங்க் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நாங்கள் நான்கைந்து பெற்றோர் ஒன்றரை வருடம் போர்டு கூட்டங்களில் பேசினோம். புதிதாக ஒன்பதாம் வகுப்பு வருகிறவர்களுக்கு மாற்றினார்கள். என் மகளுக்கு அது கிடைக்கவில்லை, தம்பிக்குக் கிடைக்கும்.

நமக்கு ஓட்டு இல்லையே, கிரீன் கார்டு வரிசையில் அல்லவா நிற்கிறோம் என்பார்கள். ஓட்டு இல்லைதான். ஆனால் அஜெண்டாவில் உள்ள எந்த விஷயத்தைப் பற்றியும் போர்டு முன்னால் பேச யாருக்கும் உரிமை உண்டு, 2019-இல் மாநிலச் சட்டமே அதை உறுதி செய்துவிட்டது. ஓட்டு உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: பல டிஸ்ட்ரிக்ட்களில் மே மாதத்தில் நடக்கும் டிரஸ்டி தேர்தலுக்கு மிகக் குறைவான பேர்தான் போகிறார்கள். நம் குடியிருப்பில் இருப்பவர்கள் போனாலே வித்தியாசம் தெரியும்.

2025 வசந்த காலத்தில், பிள்ளைகள் எண்ணிக்கை குறைகிறது என்று சில தொடக்கப் பள்ளிகளை மூடும் பட்டியல் வந்தது. எங்கள் பிள்ளைகள் படித்த பள்ளியும் அதில் இருந்தது. அன்று பேச அவ்வளவு பேர் பெயர் கொடுத்ததால் ஆளுக்கு மூன்று நிமிடம் என்பதை ஒரு நிமிடமாகக் குறைத்தார்கள். பச்சை விளக்கு, மஞ்சள், சிவப்பு. நான் எழுதிக்கொண்டு போனதில் பாதிகூடப் படிக்க முடியவில்லை. அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன்: பள்ளியை மூடினாலும் டிஸ்லெக்சியா டீச்சரிடம் பாதியில் இருக்கும் பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள், டீச்சரோடு சேர்த்து ஒரே பள்ளிக்கு அனுப்புங்கள். கூட்டம் முடியும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. பள்ளியை மூடுவது என்று ஐந்துக்கு இரண்டு ஓட்டில் முடிவானது. இரண்டு வாரம் கழித்து வந்த மாற்றத் திட்டத்தில் அந்தப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பள்ளிக்கு, அதே டீச்சரோடு என்று இருந்தது.

அதனால் வீடு பார்க்க வருகிறவர்களிடம் இப்போது நான் சொல்வது இதுதான்: கையெழுத்துப் போடும் முன் அந்த டிஸ்ட்ரிக்ட்டின் இரண்டு போர்டு கூட்டங்களை வீடியோவில் பாருங்கள். பக்கத்து வீட்டில் டீச்சர் யாராவது இருந்தால், போன வருடம் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்று கேளுங்கள். பள்ளிக்கு நேரில் போய் வாசிப்புக்கு உதவ எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

அடுத்த மாதம் மகனுடைய வருடாந்திர ஏ.ஆர்.டி. இந்த முறை தானும் வந்து உட்காருகிறேன் என்கிறான். என்ன கேட்கப்போகிறாய் என்றேன். தேர்வில் கூடுதல் நேரம் வேண்டுமா வேண்டாமா என்பதை இனிமேல் தன்னிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டுமாம்.