விண்டோஸுக்குள் இருந்தே பயாஸ் அப்டேட்: பல வருடம் செய்து பார்த்த பிறகு

ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600 பிராசசர் விலை இறங்கிவிட்டது என்று பாண்டி லாஸ்பேட்டையில் இருக்கும் நண்பன் தன் பழைய பி450 மதர்போர்டுக்கு அதை வாங்கப்போகிறான். "பயாஸை விண்டோஸ்ல இருந்தே அப்டேட் பண்ணிடலாமாடா, நீ அப்படித்தானே பண்ற?" என்று கேட்டான். ஆமாம், அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். பயாஸ் என்பது மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டில் ஒரு சிப்பில் இருக்கும் மென்பொருள்; புதிய பிராசசரை அது அடையாளம் காண அப்டேட் வேண்டும். போனில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன், பி450 வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் இருந்தே பயாஸை எழுத போர்டு கம்பெனி கொடுக்கும் மென்பொருள் என்னை ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை. ஃபைலைக் காட்டினால் போதும், பழையதை அழிக்கும், புதியதை எழுதும், எழுதியது சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கும், ரீஸ்டார்ட் கேட்கும், சில நிமிடங்களில் வேலை முடிந்தது. பி450 வந்தது 2018-ல். 2020 மே மாதம் ஏஎம்டி இந்த போர்டுகளுக்கு ரைசன் 5000 வரிசை கிடையாது என்று சொல்லி, வாங்கியவர்கள் எல்லாரும் கொதித்துப்போனதும் அதே மாதம் பின்வாங்கியது. அந்த முடிவினால்தான் பழைய ரைசன் 5 2600 இருந்த சாக்கெட்டில் இன்று என் 5600 உட்கார்ந்திருக்கிறது, அதற்கு வழிவிட்டது ஒரு பயாஸ் ஃபைல், அதை எழுதியது இந்த மென்பொருள். இதை மறக்க மாட்டேன்.

ஆனால் செட்டிங்ஸ் விஷயத்தில் எனக்கு ஆறவே இல்லை. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பயாஸில் நாம் வைத்தது எல்லாம் காலி. 3200-ல் ஓடவேண்டிய ரேம் 2133-க்குப் போய்விடும், ரைசனில் ரேம் வேகம் இறங்கினால் பிராசசருக்குள்ளே இருக்கும் இணைப்பின் வேகமும் சேர்ந்து இறங்கும், ஆகவே மொத்த மெஷினும் மந்தமாகும். விர்ச்சுவல் மெஷின் ஓட்டுவதற்கான எஸ்விஎம் என்ற செட்டிங் அணைந்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலுக்கென்று நான் பொறுமையாகச் சரிசெய்து வைத்த ஃபேன் வேகம் போய்விடும். சரி, முன்பே சேமித்து வைத்த புரொஃபைலை ஏற்றலாம் என்றால், இது வேறு வெர்ஷனில் சேமித்தது என்று சொல்லி ஏற்க மறுக்கும்! பிறகு எதற்கு அந்தச் சேமிப்பு வசதி?

இதில் என்னை மிகவும் கோபப்படுத்தியது, கரண்ட் போய் வந்ததும் மெஷின் தானாக ஆன் ஆகவேண்டும் என்ற செட்டிங். மஞ்சக்குப்பத்தில் என் மெஷினில்தான் வீட்டு பேக்கப் முழுவதும் இரவில் ஓடுகிறது. மழைக்காலத்தில் கடலூரில் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது, 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த பிறகு இங்கே பட்டதெல்லாம் உங்களுக்கே தெரியும். அந்த செட்டிங்கை ஒரு வார்த்தை சொல்லாமல் அணைத்துவிட்டு டெஸ்க்டாப்பைக் காட்டினால் என்ன அர்த்தம்? நான் ஊரில் இல்லாத நாட்களில் மெஷின் அப்படியே கிடந்தது, பேக்கப்பும் நடக்கவில்லை.

பயாஸ் மெனுவுக்குள் போய் பென்டிரைவிலிருந்து அப்டேட் செய்தாலும் செட்டிங்ஸ் அழியத்தான் செய்யும், அதையும் சொல்லவேண்டும். வித்தியாசம் என்னவென்றால், அங்கே நீங்கள் ஏற்கனவே பயாஸில்தான் இருக்கிறீர்கள், ரீஸ்டார்ட் ஆனதும் டெலீட் கீயை அழுத்தி எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிட்டுத்தான் வெளியே வருவீர்கள். விண்டோஸ் வழியில் நேராக டெஸ்க்டாப் வந்துவிடும், எதுவுமே நடக்காத மாதிரி. அந்தச் சௌகரியம்தான் எனக்கு ஆகாது.

கரண்ட் பயத்தை வைத்து விண்டோஸ் வழியைத் திட்டுவது சரியில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பயாஸ் பாதியில் நின்று போர்டு ஆன் ஆகாமல் போகலாம், இரண்டு வழியிலும் ஒரே கதிதான், யூபிஎஸ் இல்லாமல் இரண்டையும் தொடாதீர்கள். ஆனால் என் மாதிரி டெஸ்க்டாப் போர்டுகளில் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பயாஸ் சிப்பில் எழுத்து நடக்கிறது, பின்னால் ஆன்டிவைரஸ், விண்டோஸ் அப்டேட், ஏதாவது ஒரு டிரைவர் என்று எல்லாம் ஓடும், ஒன்று தொங்கினால் போதும். அப்படி எழுத விண்டோஸின் அடிமட்டம் வரை கைவைக்கும் ஒரு டிரைவர் வேண்டும், அது அப்டேட் முடிந்த பிறகும் மெஷினிலேயே தங்கிவிடுகிறது. இந்த மாதிரி பழைய டிரைவர்களின் ஓட்டையை ரான்சம்வேர் கும்பல்கள் பயன்படுத்தியிருக்கின்றன. விண்டோஸுக்குள் இருந்து பயாஸ் சிப்பைத் தொட முடிந்தால் என்ன ஆகும் என்பதை சிஐஎச் வைரஸ் 1999 ஏப்ரல் 26-ம் தேதியே காட்டிவிட்டது, எத்தனையோ மெஷின்கள் அன்று ஆன் ஆகவே இல்லை.

லேப்டாப்பில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட் வழியாகவோ லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் எஃப்டபிள்யூஅப்டி வழியாகவோ ஃபைலைத் தயாராக வைப்பதோடு சரி, எழுதுவது ரீஸ்டார்ட்டில் நடக்கும். என் பழைய லேப்டாப்பில் அப்படித்தான் செய்கிறேன், ஒரு குறையும் இல்லை. டெஸ்க்டாப்புக்கும் எல்லாக் கம்பெனியும் இப்படியே செய்திருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

ஆக, ஒருமுறைகூடத் தவறாத மென்பொருளை நான் எடுத்துவிட்டேன், நண்பனுக்கும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஃபேட்32-ல் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் போதும். பழைய பிராசசரைக் கழற்றும் முன்பே அப்டேட்டை முடித்துவிட வேண்டும், பழைய பயாஸில் 5600 போட்டால் திரையே வராது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் முதலில் அதை நிறுத்திவைத்து, 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் புதிய பிராசசர் போட்டதும் பிட்லாக்கர் கீயைக் காக்கும் எஃப்டிபிஎம்மை அழிக்கட்டுமா என்று போர்டு கேட்கும், ஒய் அழுத்திய பிறகு அந்தக் கீ இல்லாமல் டிஸ்க் திறக்காமல் போகலாம். அப்புறம் பயாஸில் இப்போது இருக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்துக்கொள், முக்கியமாக அந்த கரண்ட் செட்டிங் பக்கத்தை, என்றும் சொல்லியிருக்கிறேன். அவனிடம் யூபிஎஸ் இல்லை, அதனால் சனிக்கிழமை மெஷினையே தூக்கிக்கொண்டு இங்கே வருகிறான்.