ஜெய்சல்மேர் பேக்கேஜில் 38,500 ரூபாய் போச்சு, மதுரைக்காரங்க உஷார்

நேற்று காலையில்தான் ராஜஸ்தானில் இருக்கிற ஜெய்சல்மேரிலிருந்து ஊர் வந்து சேர்ந்தோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் போனால் போகுது என்று விட்டுவிடுவேன்.

டவுன்ஹால் ரோடு பக்கம் மாடியில் இருக்கும் ஒரு சின்ன டிராவல்ஸ். அம்மாவைப் பார்த்ததும் அந்த ஆள் எழுந்து ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தார், டீ வரவழைத்தார். "அம்மாவுக்கு மூட்டு வலியா? கவலைய விடுங்கண்ணே, கோட்டைக்குள்ளயே ரூம் போட்டுத் தர்றேன், ஜன்னலத் திறந்தா மணல்மேடுதான்" என்றார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மூன்று பேருக்கு ரூம், டெண்ட், கார், ஒட்டகம் எல்லாம் சேர்த்து 38,500 ரூபாய், அங்கேயே ஜிபே பண்ணினேன்.

ஜோத்பூரிலிருந்து ராத்திரி ரயில். விடிந்து இறங்கினால் கண்ணை நம்ப முடியவில்லை, ஊர் மொத்தமும் மஞ்சள் கல்! வீடு, கடை, மதில் எல்லாம் ஒரே நிறம், வெயில் ஏற ஏற அது பொன்னாகிறது. 1156இல் கட்ட ஆரம்பித்த கோட்டைக்குள் இன்றைக்கும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், நம்ம ஊர்த் தெரு மாதிரி மாடும் ஸ்கூட்டரும் கோவிலும் கடையும். ஆனால் மணல்மேடு எங்கே? ஊரைச் சுற்றிக் கல்லும் முள்ளுமாகத்தான் கிடக்கிறது. மணல் பார்க்க நாற்பது கிலோமீட்டர் தள்ளி சாம் என்ற இடத்துக்குப் போகணும். கோட்டைக்குள் ரூம் என்றால் நாலு வாசல் தாண்டி வழுக்குக் கல் பாதையில் ஏறணும், மூட்டு வலிக்காரருக்கு அந்த ரூமைச் சொன்ன ஆள் அந்த ஊரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அம்மாவை உட்கார்த்தி உட்கார்த்தி மேலே ஏற்றிப் போனால், லாட்ஜ்காரர் நோட்டைப் புரட்டிவிட்டு, இந்தப் பேரில் புக்கிங்கே இல்லை என்கிறார். மதுரைக்குப் போன் போட்டேன். "அந்தப் பக்கத்து ஆளு மாத்தி விட்டுட்டான், அஞ்சு நிமிஷம்ண்ணே." அப்புறம் போனையே எடுக்கவில்லை. வேறு ரூமுக்குக் கைக்காசு. சாமில் டெண்ட்காரரும் அட்வான்ஸ் வரவே இல்லை என்றார், அங்கேயும் கைக்காசு. பாலைவனம் என்றால் சூடுதானே என்று ஸ்வெட்டர் வேண்டாம் என்றிருந்தார் அந்த மகராசன், ஜனவரி ராத்திரிக் குளிரில் அம்மா தூங்கவே இல்லை.

நேற்று மத்தியானமே கடைக்குப் போனேன். "ஓனர் வெளியூர் சார், திங்கக்கிழமை வாங்க" என்கிறாள் அங்கே உட்கார்ந்திருந்த பொண்ணு. உள்ளே அந்த ஆளின் குரல் கேட்கிறது! 38,500 ரூபாய்க்கு ரசீது கேட்டால், வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்ததுதான் ரசீதாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்துப் புகார் கொடுத்தாச்சு. வெளியூர் போகிறவர்கள் பணம் கட்டும் முன்னாடி அந்த லாட்ஜுக்கு நீங்களே போன் பண்ணிக் கேளுங்கள். தனி ஆள் நம்பருக்கு ஜிபே பண்ணாதீர்கள். ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் வாங்குங்கள். இன்னும் சொல்லலாம், இப்போது முடியவில்லை. திங்கட்கிழமை கடை திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன்.