கப்பலில் குடியேறுவது: சொந்தமா, ஒத்தியா, வாடகையா?

2024-ஆம் ஆண்டின் கோடை முழுவதும் 'வில்லா வீ ஒடிசி' என்ற கப்பல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் நின்றுகொண்டிருந்தது. அதில் வாழ்வதற்காகவே பலர் ஊரில் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்திருந்தார்கள். பகலில் கப்பலில் ஏறலாம், சாப்பிடலாம், கடன் வாங்கியோ சேமிப்பை உடைத்தோ வாங்கிய அறையை எட்டிப் பார்க்கலாம். இரவு தங்க அனுமதி இல்லை; மாலையானால் இறங்கிவிட வேண்டும். மே 30 அன்று புறப்பட வேண்டிய கப்பல், சுக்கான் தண்டிலும் கியர்பாக்ஸிலும் வேலை முடிந்து அக்டோபர் தொடக்கத்தில்தான் கிளம்பியது.

கடலிலேயே நிரந்தரமாக வாழ்வது பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் காட்சி என் நினைவுக்கு வருகிறது. நிலத்தில் வீடு வாங்குகிறவர் முதலில் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பார். கப்பலுக்கும் அதே கேள்விதான். கூடவே இன்னொன்றும் கேட்க வேண்டும்: கப்பலுக்கு என்ன வயது?

இன்றைக்கு நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது உண்மையான சொந்த வீடு. 2002-இல் சேவைக்கு வந்த 'தி வேர்ல்ட்' கப்பலில் 165 குடியிருப்புகள். மறு ஆண்டே குடியிருப்போர் சேர்ந்து கப்பலையே வாங்கிவிட்டார்கள். எந்தக் கடலுக்குப் போவது, எங்கே எத்தனை நாள் நிற்பது என்பதையெல்லாம் அவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். 2012-இல் கனடாவின் வடக்கே பனிக்கடல் வழியாக வடமேற்குப் பாதையைக் கடந்தது அப்படி எடுத்த முடிவுதான். சாதாரண உல்லாசக் கப்பல் அந்தப் பக்கம் போவது மிக அரிது. பல வீடுகளில் சமையலறை உண்டு, கப்பலில் மளிகைக் கடை உண்டு. பெரும்பாலான நாட்களில் குடியிருப்போரைவிடப் பணியாளர்களே அதிகம். விலைதான் தடை. அறைக்கே பல லட்சம் டாலரிலிருந்து கோடி டாலரைத் தாண்டும் வரை ஆகும். அதற்கு மேல் வீட்டின் அளவுக்கு ஏற்ற பராமரிப்புக் கட்டணத்தை ஆண்டுதோறும் கட்ட வேண்டும். அவ்வளவு கொடுத்தும் 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது எல்லோரும் இறங்கி வேறு வீடுகளுக்குப் போனார்கள். போவதற்கு அவர்களுக்கு வேறு வீடு இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது வழி, தொடக்கத்தில் சொன்ன ஒடிசி. இதைப் பார்த்தால் நம் ஊர் ஒத்தி போலத் தோன்றும்: மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டுக் குடியிருப்பது. சன்னல் இல்லாத உள் அறை ஒரு லட்சம் டாலரை ஒட்டிய விலையில், 15 ஆண்டுக் கணக்கில் விளம்பரப்படுத்தப்பட்டது. சாப்பாடு உட்பட மாதக் கட்டணம் தனி. ஆனால் ஒத்திப் பணம் காலம் முடிந்ததும் கைக்குத் திரும்பும், இது திரும்பாது. கப்பலோ 1993-இல் ஸ்பெயினில் கட்டியது, நெடுங்காலம் 'பிரேமர்' என்ற பெயரில் ஓடியது. 2024-உடன் 15-ஐக் கூட்டினால் 2039. அப்போது அதற்கு 46 வயது. பெரும் புகழோடு ஓடிய 'குயீன் எலிசபெத் 2' 1969-இல் சேவைக்கு வந்து 39 ஆண்டுகளில் ஓய்வு பெற்றது. அதிலேயே பல ஆண்டுகள் குடியிருந்த அமெரிக்க மூதாட்டி ஒருவர், 2008-இல் அது துபாயிடம் ஒப்படைக்கப்பட்டபோது பெட்டியைக் கட்ட வேண்டியதாயிற்று. கப்பல் ஓய்வு பெற்றால் வீடும் ஓய்வு பெற்றுவிடும்.

ஆனாலும் ஒடிசியை நான் ஒதுக்கிவிட மாட்டேன். மூன்றரை ஆண்டுகளில் உலகைச் சுற்றும் பாதை, ஒவ்வொரு துறைமுகத்திலும் சில நாட்கள் நிற்கும் நிதானம், ஆண்டுக்கணக்கில் அதே அக்கம்பக்கத்தார் என்ற மூன்றும் நடுத்தர வசதி உள்ளவருக்கு வேறெங்கும் கிடைக்காது. அது கிளம்பியது என்பதே பெரிய விஷயம். 'லைஃப் அட் சீ' என்ற மூன்றாண்டுப் பயணம் ஆண்டுக்கு 30,000 டாலர் முதல் என்று விற்கப்பட்டு, 2023 நவம்பரில், கப்பலே கைக்கு வராமல் ரத்தானது. வீட்டை விற்றவர்களும் வாடகைக்கு விட்டவர்களும் நடுத்தெருவில் நின்றார்கள். ஆகவே ஒடிசியில் ஆசை இருந்தால், வாங்காமல் ஒரு பகுதிப் பயணத்துக்கு வாடகைக்கு ஏறிப் பாருங்கள். 150 சதுர அடியை ஒட்டிய, சன்னல் இல்லாத அறையில் விளக்கை அணைத்தால் காலை ஏழும் நள்ளிரவும் ஒன்றுதான். அது உங்களுக்கு ஒத்துவருமா என்பது மூன்றாவது வாரத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, வழக்கமான உல்லாசக் கப்பல்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பயணம் பதிவு செய்துகொண்டே போவது. மாரியோ சல்செடோ என்பவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான் வாழ்கிறார். மேல்தளத்தில் மேசை போட்டு முதலீட்டு வேலையையும் அங்கிருந்தே பார்க்கிறார். பழைய கப்பல் பிடிக்காவிட்டால் புதிய கப்பலுக்கு மாறலாம், நிறுவனம் நொடித்தால் அடுத்த நிறுவனம் இருக்கிறது. சிரமங்களும் உண்டு. அதே அறை அடுத்த வாரமும் கிடைக்காவிட்டால், ஹேங்கரில் தொங்கும் சட்டைகளோடு வேறு அறைக்கு மாற வேண்டும். தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இருவருக்கான கட்டணத்தைக் கொடுக்க நேரும். ஏழு நாளுக்கு ஒருமுறை அக்கம்பக்கம் முழுதாக மாறிவிடும். முகம் தெரிந்தவர்கள் பணியாளர்கள் மட்டுமே. பழகும் சுபாவம் உள்ளவர்களுக்கு இதுதான் பெரிய வலி என்று நினைக்கிறேன்.

முதியோர் இல்லத்தைவிடக் கப்பல் மலிவு என்ற பேச்சுக்கு வேர் 2004-இல் அமெரிக்க முதியோர் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை. இருபது ஆண்டுச் செலவாகக் கப்பலுக்கு சுமார் 2,30,000 டாலரும் அன்றாட வேலைகளுக்கு உதவி கிடைக்கும் முதியோர் இல்லத்துக்கு 2,28,000 டாலரும் அது கணக்கிட்டது. அதன்படியும் மலிவு இல்லை, சமம்தான். விலைகளும் இருபது ஆண்டு பழையவை. கப்பல் மருத்துவர் காய்ச்சலைப் பார்ப்பார், மாரடைப்பு வந்தால் நிலைப்படுத்திக் கரையேற்றுவார். குளிப்பாட்டவும் கைபிடித்து நடத்தவும் ஆள் கிடையாது. இந்த விஷயத்தில் மூன்று வழிகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பணம் கொட்டிக் கிடந்தால் முதல் வழி, இல்லாவிட்டால் மூன்றாவது என்பது என் தேர்வு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அதிலும் ஓர் எல்லை உண்டு. ஃப்ளோரிடாவிலிருந்து கரீபியத் தீவுகளைச் சுற்றும் கப்பலில் அமெரிக்கர் ஆண்டு முழுவதும் இருக்கலாம். பத்தாண்டு சுற்றுலா விசா கையில் இருந்தாலும் நமக்கு ஒரு நுழைவுக்கு வழக்கமாக ஆறு மாதம்தான். மத்தியதரைக் கடலில், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கணக்கு இன்னும் இறுக்கம்: 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். எனவே ஊர் வீட்டை விற்காமல், குளிர்காலத்துக்குக் கரீபியன், கோடைக்குக் கொஞ்சம் ஐரோப்பா, மிச்ச மாதங்களுக்குச் சொந்த வாசல் என்று திட்டமிடுவதே இப்போதைக்கு நடக்கக்கூடியது.